நாலாம் படி

ஹப்புத்தளை ஸ்டேஷனுக்கு எதிரே
ரொட்டிக்கடை மாடியில், மூன்றாவது பிளேன்டியுடன்
ஒரு பொத்தானின் நீலத்தைப் பற்றி
மாட்டியாசோடு முக்கால் மணி நேரம் பேசினேன்.
அவன் தாலினில். அங்கே இன்னும் விடியவில்லை.
இங்கே ஜன்னல் வழியே மூடுபனி
மேசைவரை வந்து உட்கார்ந்துகொண்டது.

செயலிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.
நாடு நாடாய் மடிக்கணினியோடு அலைகிறவர்களுக்கு
உட்கார ஒரு மேசை,
கூடப் பேச நாலு பேர்,
இதைத் தேடிக் கொடுப்பது அதன் வேலை.
பண்டாரவளையிலிருந்து எல்ல வரைக்கும்
பதினேழு கஃபே ஏறி இறங்கினேன்.
இணைய வேகம் அளந்தேன், ப்ளக் எண்ணினேன்,
கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா என்று கேட்டேன்.
ஒரு முதலாளி என்னை மின்சார சபை என்று நினைத்து
பழைய பில்லையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார்.

ஃபில்டரில் அமைதி, காப்பி, அதற்குக் கீழே காட்சி.
காட்சி என்றால் என்ன என்று கேட்டேன்.
ஜன்னலில் தேயிலை தெரிய வேண்டும், என்றான்.
ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஜன்னலொன்றில்
எங்கள் பெரியக்கா, பத்தாம் நம்பர் மலையில்,
கொழுந்துப் பையை இறக்கிவைத்துவிட்டு
காலிலிருந்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.
கையசைத்தேன்.
கண்ணாடி. அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளைத்தான் முதல் பயனராக்கினேன்.
கையைத் துடைத்துவிட்டு போனை வாங்கினாள்.
முதல் கட்டம்: முழுப்பெயர்.
"எத்தன கிலோவுக்கு?" என்றாள்.
சிரித்துவிட்டேன்.
மடுவத்தில் இருபது கிலோ நிறுத்தால் பேர்.
குறைந்தால் அரைப்பேர்.
இருபத்தொரு வருஷமாக அவள் பெயர்
தராசில் ஏறி இறங்குகிறது.

அடுத்தது முகவரி. கட்டாயம்.
அந்தச் சிவப்பு நட்சத்திரம் நானே போட்டது.
லயத்துக்கு ஏது இலக்கம்?
எங்கள் கடிதமெல்லாம் தோட்ட ஆபிசில் தங்கும்,
யாருக்காவது ஞாபகம் வந்தால் மேலே ஏறும்.
அக்கா கேட்டாள்,
"இந்த வெள்ளக்காரவங்களுக்கும் வீடு இல்லியா?"
இருக்கு, வேணாம்னு வந்தவங்க.
"அப்ப சரி" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
பருப்பை இறக்கப் போனாள்.

இரவோடு இரவாக நட்சத்திரத்தை எடுத்தேன்.
மாட்டியாஸ் காரணம் கேட்டான்.
படிவம் குட்டையாக இருந்தால் நல்லது என்றேன்.
அதுவும் உண்மைதான்.

சோதனைக்கென்று வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தேன்:
தண்ணி டேங்குக்குக் கீழே, நாலாம் படி.
சிக்னல் நாலு கோடு காட்டும் ஒரே இடம்.
இந்தச் செயலியில் பாதியை அங்கே உட்கார்ந்துதான் வரைந்தேன்.
ஆறு மணிக்கு மேல் நித்தியகலா
ஏ.எல். வகுப்பு கேட்பாள்.
செல்வநேசன் எங்கோ ஓர் ஆஸ்திரேலியக் கடைக்கு
சட்டைப் படங்களின் பின்னணியை அழித்துக்கொண்டிருப்பான்,
படத்துக்கு ஏழு ரூபாய்.
துபாயில் இருக்கும் புருஷனோடு சண்டைபோட
ஒருத்தி வருவாள்.
அப்போது மட்டும் எல்லோரும்
காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்வோம்.

புள்ளியை அழிக்க மறந்துபோனேன்.

செயலி வெளியான ஒன்பதாம் நாள்
முதுகுப் பையும் மழைக்கோட்டுமாக ஒருவன்
மூச்சிரைக்கப் படியேறி வந்து
போனையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தான்.
"கோ-வொர்க்கிங்?" என்றான்.
யாரும் பதில் சொல்லவில்லை.
நித்தியகலா கொப்பியை மடியில் எடுத்துக்கொண்டாள்.
செல்வநேசன் ஒரு சாண் நகர்ந்தான்.

மறுநாள் அவன் எழுதியிருந்தான்:
மேசை இல்லை. நாற்காலி இல்லை. அட்டை உண்டு.
வேகம் நன்று. யாரோ அழுதார்கள்.
நான்கு நட்சத்திரம்.

மாட்டியாஸ் இப்போது கேட்கிறான்,
அந்த இடத்தின் உரிமையாளர் யார்,
யாருடன் ஒப்பந்தம் போடுவது என்று.
தோட்ட ஆபிஸ் என்று எழுதினேன். அழித்தேன்.
எங்கள் பெயர்களை எழுதிப் பார்த்தேன்.
தலைக்கு மேலே டேங்க் நிரம்பி வழிகிற சத்தம்.
யாராவது எழுந்துபோய்
வால்வை மூட வேண்டும்.